சாம்பல் குதிரையின் மேல் போட்ட பழி

தாஷ்-புலாக்
18 நவம்பர் 1995

மதிப்புக்குரிய அண்ணனுக்குப் புருல் எழுதுவது. உங்கள் உடம்பும் அண்ணியின் முழங்காலும் இந்தக் குளிரைத் தாங்க வேண்டும். இங்கே நான், மகன் குபாத், ஆடுகள், கொட்டிலில் இருப்பவை எல்லாம் நலம். மருமகள் ஜிபார் மட்டும் கொஞ்சம் நலமில்லை.

போன வாரம் அவளைச் சாம்பல் குதிரை உதைத்துவிட்டது. வைக்கோல் போடப் போனாள், அது பின்னங்காலைத் தூக்கிவிட்டது. முகம் பூசணிக்காய்போல வீங்கி, இப்போது கொஞ்சம் வற்றியிருக்கிறது. வாயை மூடினால் பல்லோடு பல் சேரவில்லை. ரொட்டியைக் கறிச்சாற்றில் ஊறவைத்துக் கொடுக்கிறேன், அதுவும் பாதி வெளியே வழிகிறது. குபாத்துக்கு மிகுந்த வருத்தம். இரண்டு நாள் வீட்டுப்பக்கமே வரவில்லை.

நரீன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்றேன். "ரோடு கெட்டுக் கிடக்கும்மா. அங்க போனா நாலு பேரு நாலு கேள்வி கேப்பான்" என்கிறான். நீங்கள் ஆயுள் முழுவதும் உடைந்த தாடைகளை ஒட்டவைத்தவர். அங்கிருந்தே வழி சொல்லுங்கள். பேருந்து ஓட்டும் எசெனிடம் பதிலைக் கொடுத்தால் வந்துவிடும்.

உங்கள் நிழலில் வாழும் தங்கை,
புருல்

*

பிஷ்கெக்
26 நவம்பர் 1995

அன்புள்ள புருல், நானும் நஸிபாவும் இருக்கிறோம். அவள் முழங்கால் தன் இருப்பைத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்கள் மூவரின் நலத்தையும் நினைத்தபடி எழுதுகிறேன்.

பார்க்காமல் வைத்தியம் சொல்லக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். ஆகவே இதில் தவறு இருக்கலாம். பற்கள் சேரவில்லை என்றால் கீழ்த்தாடை எலும்பு முறிந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அகலமான துணியை மடித்து, முகவாய்க்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் கட்டு. இறுக்கிவிடாதே, தாடை தொங்காமல் இருந்தால் போதும். மெல்லவே கூடாது. சாறு, பால், நீர்த்த கஞ்சி. குடித்த பிறகு உப்பு நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் முறிந்த இடத்தில் சீழ் பிடிக்கும். இதெல்லாம் வழியில் செய்ய வேண்டியவை. வைத்தியம் என்பது அவளை இங்கே கொண்டுவருவதுதான். மூன்று வாரத்துக்குள் வந்தால் எலும்பைச் சரியாகச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு அது கோணலாக ஒட்டத் தொடங்கிவிடும்.

சில விவரங்கள் எழுது. குளம்பு எந்தப் பக்கம் பட்டது? தோல் கிழிந்ததா? பல் ஏதும் விழுந்ததா? கீழுதடு மரத்திருக்கிறதா? கேட்பது என் பழக்கம், வேறொன்றும் இல்லை.

உன் அண்ணன்,
ஒஸ்மோன்

*

தாஷ்-புலாக்
20 டிசம்பர் 1995

மதிப்புக்குரிய அண்ணனுக்கு, பனியும் நாங்களும் சௌக்கியம். அண்ணிக்கு என் வணக்கம்.

நீங்கள் எழுதியபடியே வெள்ளைத் துணியை மடித்துக் கட்டினேன். அன்றைக்கே அடுத்த வீட்டுத் துர்கான் தீக்கங்கு வாங்க வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏண்டி புருல், உசுரோட இருக்கிறவளுக்கு இப்பவே தாடையக் கட்டிட்டியே, குளிப்பாட்டவும் ஆள் சொல்லி விட்டிருக்கியா?" என்றாள். செத்தவர்களுக்குக் கட்டுகிற கட்டு அண்ணா அது. ஒரு வீட்டில் அதை ஆளிருக்கும்போதே கட்டினால் அடுத்து என்ன வரும்? அவிழ்த்துவிட்டேன். ஜிபார் கட்டச் சொல்லிக் கையைக் காட்டினாள், நான் கேட்கவில்லை. இப்போது வீக்கம் முழுதாகப் போய்விட்டது. தானே ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் குதிரையைக் குபாத் குளிர்காலக் கறிக்கு அறுத்துவிட்டான். ஆளை உதைத்ததை எப்படிக் கொட்டிலில் வைத்திருப்பது? சம்பந்தி மிர்சாகுல் கேள்விப்பட்டு வந்தார். அது அவர் மகளுக்குக் கல்யாணத்தில் கொடுத்த குதிரைதானே. "கெட்ட மிருகத்தக் குடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்று குபாத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கிடாவும் கொண்டுவந்தார். நல்ல மனிதர்.

தாய்மாமனுக்கு உரிய பங்கு என்று அந்தக் குதிரையின் கறி அடைத்த குடலில் நல்லதைக் குபாத்தே தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறான். எசெனிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கை,
புருல்

*

பிஷ்கெக்
28 டிசம்பர் 1995

அன்புள்ள புருல், நலம். பொட்டலம் வந்தது.

நஸிபா அதை அவித்து மேசையில் வைத்தாள். "சாப்பிடுங்க டாக்டரே, குத்தவாளி வந்திருக்கா" என்றாள். என்னால் கத்தியை எடுக்க முடியவில்லை.

கடுமையாக எழுத எனக்கு வராது. இருந்தாலும் எழுத வேண்டியிருக்கிறது. வீக்கம் வற்றுவதும் எலும்பு சேர்வதும் ஒன்றல்ல. கட்டை அவிழ்த்தது தவறு. துர்கான் ஒரு வார்த்தை சொன்னாள் என்பதற்காக ஒரு பெண் வாழ்நாள் முழுதும் சரியாக மெல்ல முடியாமல் போகவேண்டுமா? உயிரோடிருப்பவளின் தாடையைக் கட்டினால் சாவு வரும் என்று பயந்தாயே, கட்டாமல் விட்டால் என்ன வரும் என்று நான் எழுதியிருந்தேனே. நான் சொன்ன மூன்று வாரம் போய்விட்டது. இன்னும் கெடவில்லை, ஆனால் ஒவ்வொரு வாரமும் வைத்தியம் கடினமாகிறது. அவளை அனுப்பு. தங்கும் செலவும் மருத்துவச் செலவும் என் பொறுப்பு.

இன்னொன்று. நான் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. தோல் கிழிந்ததா, இல்லையா?

அந்தக் குதிரையை எனக்கு நினைவிருக்கிறது. கோடையில் வந்தபோது பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அதன் வயிற்றுக்கடியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் பயந்து விலகச் சொன்னேன், நீ சிரித்தாய்.

ஒஸ்மோன்

*

பிஷ்கெக்
2 பிப்ரவரி 1996

புருல், எல்லோரும் நலமா? ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எசெனைக் கேட்டால், "குடுத்துட்டேன் அய்யா, கைல குடுத்துட்டேன்" என்கிறான். யார் கையில் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கணவாய் மூடவில்லை என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். ஜிபார் எப்படி இருக்கிறாள் என்று இரண்டு வரி எழுது.

ஒஸ்மோன்

*

தாஷ்-புலாக்
17 பிப்ரவரி 1996

மாமாவுக்கு சலாம். மாமிக்கும் சலாம். எங்க ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, கவலப்படாதீங்க.

உங்க எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. அம்மாவுக்குக் கண்ணு தெரியல. நான்தான் வாசிச்சுக் காட்டுறேன். எல்லாத்தையும் வாசிக்கிறதில்ல. தோல் கிழிஞ்சுதா, பல்லு விழுந்துதான்னு பொம்பளைங்க விஷயத்த ஒரு தாய்கிட்டக் கேக்கலாமா? படிச்சவங்க நீங்க.

ஜிபார் நல்லா இருக்கா. நூடுல்ஸ் சாப்பிடுறா. முந்தி பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா, இப்ப வீடு அமைதியா இருக்கு. அதனால உங்க வைத்தியம் வேண்டாம்.

மருமகன் வர்றதுக்கு ஏழு ஓநாய் வரட்டும்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. ஒரு நாள் நான் பட்டணம் வந்தா, உங்க வீட்டுல கண்ணுல பட்டத எடுத்துக்கிட்டுப் போற உரிமை எனக்கு இருக்குன்னு ஞாபகம் வச்சுக்குங்க. தமாஷுக்குச் சொன்னேன்.

உங்க சகோதரி மகன்,
குபாத்

*

பிஷ்கெக்
4 ஏப்ரல் 1996

புருல், உன் நலம் கோருகிறேன். இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், நீயே படிக்க வேண்டும் என்பதற்காக. எசென் இதை உன் கையில் தவிர வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டான். ரொட்டிமேல் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறான்.

வசந்தப் பண்டிகைக்கு மறுநாள் அவன் பேருந்தை நேராக எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். "அய்யா, தாஷ்-புலாக்லருந்து கடுதாசி வந்திருக்கு. எழுத்துல இல்ல, ஆளா வந்திருக்கு" என்றான். ஜிபார் இறங்கினாள். குபாத், குதிரைமேலிருந்தே செத்த ஆட்டைப் பறித்தோடும் பந்தயத்துக்குப் போன பிறகு, சாலைவரை நடந்து வந்து பேருந்தை மறித்திருக்கிறாள். முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது. நஸிபாவைவிட மெலிந்த மணிக்கட்டு.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தோம். என் கை இப்போது நடுங்குகிறது, கருவி பிடிக்க மாட்டேன். என்னோடு வேலை பார்த்த டாக்டர் நினா பெத்ரோவ்னா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒஸ்மோன், இது குதிரைன்னா நான் ஒட்டகம்" என்றார்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். குதிரையின் குளம்பு முகத்தில் பட்டால் தோல் கிழியும், பல் உதிரும், எலும்பு, ஓடு நொறுங்குவதுபோல் பல துண்டாகும். அப்படிப்பட்ட முகங்களை ஒவ்வொரு கோடையிலும் மேய்ச்சல் மலையிலிருந்து எங்களிடம் கொண்டுவருவார்கள். ஜிபாரின் தோலில் ஒரு தழும்பும் இல்லை. பற்கள் அத்தனையும் இருக்கின்றன. எலும்பு சுத்தமாக இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. இடது பக்கம் காதுக்குக் கீழே தாடை வளைகிற இடத்தில் ஒன்று, வலது பக்கம் முகவாய்க்கு அருகில் ஒன்று. எதிரே நிற்பவனுடைய வலக்கை முட்டி இப்படித்தான் முறிக்கும். குதிரைக்குக் கை கிடையாது, புருல்.

அதோடு வலது தாடை மூட்டில் வேறொரு முறிவும் இருக்கிறது. அது பழையது, ஒட்டிப்போனது. அதற்கு எந்தக் குதிரையை அறுத்தீர்கள்?

நான் எப்போதும் "தவறு இருக்கலாம்" என்று எழுதுகிறவன். இதில் தவறு இல்லை.

முந்தாநாள் நினா கோணலாக ஒட்டியிருந்த எலும்பை மறுபடி முறித்து நேராக்கினார். மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறது. ஆறு வாரம் அப்படியே இருக்க வேண்டும். வாந்தி வந்தால் மூச்சடைக்கும் என்பதால் கம்பி வெட்டும் குறடை அவள் தலைமாட்டில் தொங்கவிட்டிருக்கிறோம். நஸிபா மூக்குவைத்த குவளையில் சாறு ஊற்றுகிறாள்.

கம்பிக்கு இடையிலிருந்து அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மாமா, எங்க அப்பா குடுத்த குதிரை உதைக்கலன்னு யாருகிட்டயாவது சொல்லுங்க. அவரு இன்னும் தலையத் தூக்கி நடக்கல."

சொல்லப் போகிறேன்.

ஒஸ்மோன்

*

தாஷ்-புலாக்
16 ஏப்ரல் 1996

அண்ணனுக்கு. நலம் கேட்க மனமில்லை. இருந்தாலும் கேட்காமல் எழுதக்கூடாது, நலமாக இருங்கள்.

உங்கள் பெரிய எழுத்தைப் படித்தேன். ஏதோ நான் எழுதப் படிக்கத் தெரியாதவள் மாதிரி. அவளைத் திருப்பி அனுப்புங்கள். கல்யாணமானவள் சொல்லாமல் பேருந்தேறிப் போயிருக்கிறாள், துர்கான் அதை ஏழு ஊருக்கும் ரொட்டிபோல் பங்குவைத்துவிட்டாள். நான் தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நிற்கிறது. என் மகனை நான் வளர்த்தேன், நீங்கள் வளர்க்கவில்லை. பட்டணத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து அவனுக்குத் தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு எளிது.

நான் அவன் அப்பாவோடு குடும்பம் நடத்தவில்லையா? நாற்பது வருஷமாக இடது பக்கமே மெல்லுகிறேன். கொட்டாவி விட்டால் காதுக்குள் கதவு சாத்துகிற சத்தம். எத்தனை விருந்தில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள், பெரிய தாடை டாக்டர். யாருக்காவது நான் கடிதம் எழுதினேனா? பேருந்து ஏறினேனா? பொறுத்தேன். வீடு நின்றது. இவளும் பொறுத்தால் என்ன?

குபாத் நாளைக்குப் புறப்படுகிறான். அவன் கேட்டதைக் கொடுத்து அனுப்புங்கள். தாய்மாமன் வீட்டில் மருமகனுக்கு இல்லை என்று சொன்ன ஆள் நம் பரம்பரையில் கிடையாது.

புருல்

*

பிஷ்கெக்
3 மே 1996

புருல், உன் கடிதம் வந்த நாளிலிருந்து உன் நலத்தைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. உன் தாடையை முறித்தது யார் என்று தெரியும். எப்போது, எத்தனை முறை என்று கேட்கிறேன். எழுதுவாயா?

குபாத் வந்தான். கதவைத் திறந்தவுடன் கையை விரித்துக்கொண்டு நின்றான். "மாமா, மருமகன் வந்திருக்கேன். என்ன தரப்போறீங்க?"

நஸிபா என் பின்னாலிருந்து, "மாமனோட கோட்டு இருக்கு, ரேடியோ இருக்கு, எம் முழங்கால் வலி இருக்கு. எது வேணுமோ எடுத்துக்கோ" என்றாள்.

"எம் பொண்டாட்டி போதும்."

"அவ இந்த வீட்டுச் சாமான் இல்ல" என்றேன் நான். "நான் எடுத்துக் குடுக்க முடியாது."

"ஒதுங்குங்க மாமா. வயசாளின்னு பாக்கிறேன்" என்று கையைத் தூக்கினான். வலக்கை. நான் பயந்தேன். பயந்தாலும் கண் பழக்கத்தை விடவில்லை. அவன் சுண்டுவிரலின் முட்டி மற்ற முட்டிகளைவிட உள்ளே அமுங்கியிருந்தது. எதையாவது ஓங்கிக் குத்திய கையில்தான் அந்த எலும்பு அப்படி உடைந்து அமுங்கும். அவன் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "இது எப்ப ஒடைஞ்சுது?" என்று கேட்டேன். வலிக்கிறதா என்று நோயாளியைக் கேட்கிற குரலில்தான் கேட்டேன். அவன் கையைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

அப்போது ஜிபார் உள்ளிருந்து வந்தாள். பல்லெல்லாம் கம்பி. வாய் அசையாமல் பேசினாள். "எங் குதிரையக் கொண்டாந்து வாசல்ல கட்டு. நான் வர்றேன்."

அவன் சிரித்துப் பார்த்தான். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. மாடிப்படியில் எச்சில் துப்பிவிட்டுப் போனான்.

மறுநாள் நானும் ஜிபாரும் நினாவும் போலீஸுக்குப் போனோம். அவள் புகார் கொடுத்தாள். காயம் மனிதனின் கையால் வந்தது, இரண்டு வெவ்வேறு காலத்தில் வந்தது என்று நாங்கள் இருவரும் கையெழுத்திட்டோம். உன் மகன் என்பதை அறிந்தே இட்டேன். உங்கள் ஊருக்கு ஆய்வாளர் வருவார், உன்னையும் கேட்பார். உனக்கு முன்கூட்டித் தெரியாமல் இருக்கக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

மருமகனுக்கு இல்லை என்று சொன்னவன் பரம்பரையில் கிடையாது என்று எழுதியிருந்தாய். இப்போது ஒருவன் இருக்கிறான்.

ஒஸ்மோன்

*

தாஷ்-புலாக்
11 ஜூன் 1996

அண்ணனுக்கு, நான் உயிரோடிருக்கிறேன். நீங்களும் அண்ணியும் அப்படியே இருங்கள்.

ஆய்வாளர் வந்தார். மீசை முளைக்காத பையன்போல இருந்தார். எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டார். குபாத், நான், சம்பந்தி மிர்சாகுல், வாசலை அடைத்துக்கொண்டு துர்கான். உங்கள் மேல் எனக்கிருந்த கோபத்துக்கு, குபாத் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அப்படியே சொல்வதாகத்தான் இருந்தேன். தேநீரும் ஊற்றினேன்.

குபாத் ஆரம்பித்தான். "அது வெறி பிடிச்ச குதிரைங்க. வந்த நாள்லருந்தே கடிக்கும், உதைக்கும். அம்மாவக் கேளுங்க."

பொய் என்றால் அளவாகச் சொல்ல வேண்டும் அண்ணா. ஒரு நாள் உதைத்தது என்றால் நான் ஆமாம் என்றிருப்பேன், வந்த நாளிலிருந்தே என்றான். அந்தக் குதிரை தந்த பாலைத்தான் இரண்டு கோடை குடித்தோம். பனிப்புயலில் வழி தெரியாமல் நான் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது அதுதான் என்னை வீடு சேர்த்தது. கத்தியோடு போனபோதும் அவன் கையை முகர்ந்துகொண்டு நின்றது.

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி எழுந்துவிட்டார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பையன் முன்னால் நின்று, "நல்ல குதிரைன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். எங்கயோ நான் வளத்ததுல தப்பு. எம் மக பேசுறத நம்பாதீங்க, அவளுக்கு வலில புத்தி கலங்கியிருக்கும்" என்றார். தன் மகளைத் தானே பொய்யாக்குகிறார், என் மகனுக்காக.

தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "உக்காருங்க சம்பந்தி" என்றேன். "உங்க குதிரை யாரையும் உதைக்கல."

"அப்ப யாரு பாட்டி உதைச்சது?" என்றார் ஆய்வாளர்.

"உதைக்கல தம்பி. அடிச்சான். எம் மகன். முந்தியும் அடிச்சான். நான் பக்கத்து அறையில ரொட்டிக்கு மாவு பிசைஞ்சுகிட்டிருந்தேன். பிசைஞ்சுகிட்டே இருந்தேன்."

சம்பந்தி உட்காரவில்லை. கதவைக்கூடச் சாத்தாமல் வெளியே போய்க் கொட்டிலின் முன்னால் நின்றார். உள்ளே காலி.

குபாத்தை நரீனுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். விசாரணை இலையுதிர் காலத்தில் என்கிறார்கள். போகும்போது என்னைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு தாயா?" என்றான். இரவில் அதைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். உங்கள் மேல் இருந்த கோபமும் தீரவில்லை. நான் மெல்லுகிற பக்கத்தைப் பார்க்காதவர் யாரோ பெற்ற பெண்ணின் எலும்புக்குள் பார்த்துவிட்டார். நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத மாட்டேன். அடித்தவர் மண்ணுக்குள் இருக்கிறார், அங்கே போலீஸ் போகாது.

கம்பியை எடுத்துவிட்டார்களாமே, எசென் சொன்னான். ஒரு விரல் அளவுதான் வாய் திறக்கிறதாம். தினமும் மரத்துண்டு வைத்துப் பழக்குகிறீர்களாம். வலித்தாலும் விடாமல் செய்யச் சொல்லுங்கள். என்னை மன்னிக்கச் சொல்லி அவளிடம் கேட்காதீர்கள், உங்களுக்கு இரக்க சுபாவம், கேட்டுவிடுவீர்கள். அவள் வாய் முழுதாகத் திறந்ததும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அவள் என்னைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. பேருந்தேறி வந்து எதிரே உட்காருகிறேன்.

புருல்